வயற்காவலுக்கு ஒரு துவக்கு

மட்டக்களப்பு வாவிக்கு இரு கரைகள். பொழுது எழும் பக்கம் எழுவான்கரை. பொழுது படும் பக்கம் படுவான்கரை. எழுவான்கரையில் உள்ளோர் நிலவு இரவுகளில் வாவியின் பாடும் மீனைப் பற்றிப் பேசி மகிழ்வர். அதே இரவுகளில் படுவான்கரை உழவர், வெள்ளாமையைத் தின்ன வரும் பன்றியின் காலடிக்குச் செவிசாய்த்துப் பரணில் விழித்திருப்பர்.

தை மாதத்து இரவொன்றில் அத்தகைய வாடியொன்றிலே நாம் தங்க நேர்ந்தது. காவலுக்கு ஒரு முதியவர். அவருக்குத் துணையாக, உயர்தர வகுப்பிற் படிக்கும் பேரன். பெரியவரின் அருகே ஒற்றைக் குழல் துவக்கு ஒன்று கிடந்தது. பேரன் அதனை ஏளனமாகப் பார்த்து, “அப்புச்சி, இந்த நீளக் குழாயை ஏன் சுமக்கிறீங்க? படத்தில வாற மாதிரி ஒரு கைத்துப்பாக்கி இருந்தா இடுப்பில செருகலாமே. பழையது மலிவாகவும் கிடைக்குமாம்” என்றான்.

பெரியவர் தமது இடக்கையை விளக்கொளியில் நீட்டினார். இரண்டு விரல்கள் இல்லை. “இதுவும் மலிவாக வாங்கின துவக்குத்தான், மகன். காசு கொஞ்சம் கொடுத்தேன், மிச்ச விலையைக் கை கொடுத்தது” என்றார். பதினெட்டு வயதில், யாரோ இரும்புக் குழாயில் ஒட்டிச் செய்த கள்ளத் துவக்கை அவர் வாங்கினாராம். மூன்றாம் வெடியில் குழல் பிளந்துவிட்டது.

சிறு முதலுடைய உழவன் எவ்வகைத் துவக்கைத் தேர்வது என்னும் வினா, நகரத்து வாசகருக்கு விந்தையாகத் தோன்றலாம். வெல்லாவெளியிலும் வவுணதீவிலும் கிரானிலும் அது விளையாட்டு வினா அன்று.

கைத்துப்பாக்கி ஏன் உதவாது?

பேரன் விரும்பிய தானியங்கிக் கைத்துப்பாக்கி, வியத்தகு பொறி என்பதில் ஐயமில்லை. ஜோன் பிரவுனிங் என்னும் அமெரிக்கர் வகுத்த கைத்துப்பாக்கியை அந்நாட்டுப் படை 1911ஆம் ஆண்டில் ஏற்றது. நூறாண்டு கடந்தும் அதனைப் பின்பற்றியே பலர் செய்து வருகின்றனர். வெடியின் எதிர்விசை மேற்பகுதியைப் பின்னே தள்ளுகிறது. வெற்றுத் தோட்டா வெளியே வீழ்கிறது. சுருள்வில் அப்பகுதியை மீண்டும் முன்னே தள்ளும்போது அடுத்த தோட்டா தானே உள்ளே அமர்கிறது.

ஆயினும் அது வயலுக்கு ஏற்றதன்று. ஒரு வெடிக்கு ஒரே குண்டு. குழலோ ஒரு சாண் நீளமும் இல்லை. கை சற்றே நடுங்கினாலும் இருபத்தைந்து யார் தொலைவில் குறி தவறிவிடும். இருளில் ஓடும் பன்றியைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. தவறிய குண்டோ ஏறத்தாழ ஒரு மைல் செல்ல வல்லது. மேடு பள்ளமற்ற வட்டையில் அடுத்த வாடியிலும் ஒரு தகப்பன் காவலிருக்கிறான் என்பதை மறக்கலாமா?

சட்டமும் அதற்கு இடந்தரவில்லை. 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தின்படி அனுமதிப்பத்திரமின்றி எத்துவக்கையும் வைத்திருத்தல் குற்றம். 1996இல் தண்டனைகள் மேலும் கடுமையாக்கப்பட்டன. தற்பாதுகாப்புக்கு வழங்கிய துவக்குகளைக்கூட மீளாய்வுக்காக ஒப்படைக்குமாறு 2024ஆம் ஆண்டின் இறுதியிற் பாதுகாப்பு அமைச்சு கேட்டது. மலிவாகக் கிடைக்குமென்று காதோடு சொல்லப்படும் கைத்துப்பாக்கி, சிறைக்கு வழிகாட்டும் பொருள்.

எதனைத் தேர்வது?

பயிர்க் காவலுக்கென உழவர் நாடுவது 12 ‘போர்’ வேட்டைத் துவக்கே. ‘போர்’ என்பது குழலின் துளையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல். துளையின் அளவான ஈயக்குண்டுகள் பன்னிரண்டு சேர்ந்தால் ஓர் இறாத்தல் நிறை என்பதே அவ்விலக்கத்தின் பொருள். ஒரே தோட்டாவில் அடங்கிய பல சிறு ஈயக்குண்டுகள் விரிந்து செல்வதால், நாற்பது யாருக்குட்பட்ட தொலைவில் குறி எளிது. அச்சிறு குண்டுகள் சில நூறு யாரில் வலுவிழந்து வீழ்ந்துவிடும்.

இத்துவக்கிலும் மூவகை உண்டு: ஒற்றைக் குழல், இரட்டைக் குழல், தானியங்கி. கைப்பணம் குறைந்தவருக்கு ஒற்றைக் குழலே உகந்தது என்பது எமது கருத்து. விலை குறைவு என்பது மட்டும் காரணமன்று. தானியங்கியில் பல சுருள்விற்களும் நுண்ணிய உறுப்புகளும் உண்டு. வாவிக் காற்றின் உப்பும் வயற்சேறும் அவற்றிற் புகுந்தால் நடுவே சிக்கிக்கொள்ளும். மேலும், தோட்டாக்கள் உள்ளே மறைந்திருப்பதால் துவக்கு வெறுமையானதா என்று பார்வையில் தெரியாது. ஒற்றைக் குழலையோ நடுவே மடித்துத் திறந்தால், பக்கத்தில் நிற்பவனுக்கும் உள்ளே ஒன்றுமில்லையென்று தெரிந்துவிடும். பிள்ளைகள் நடமாடும் வீட்டிற்கு இதனிலும் பெரிய நன்மை வேறு என்ன?

பழையதைச் சோதித்தல்

பழைய துவக்கு வாங்குவோர் முதலிற் பார்க்க வேண்டியது பத்திரத்தை. துவக்கிற் பொறித்த இலக்கமும் பத்திரத்தின் இலக்கமும் ஒத்திருக்க வேண்டும். உரிமை மாற்றத்திற்குப் பிரதேச செயலகத்தில் வழி கேட்ட பின்னரே பணத்தை எண்ண வேண்டும்.

அடுத்தது குழல். துவக்கைத் திறந்து, வெறுமையென்று உறுதி செய்து, வெளிச்சத்தை நோக்கிக் குழலூடே பார்க்க வேண்டும். துருக் குழிகளோ நெளிவோ வெடிப்போ காணின் வேண்டாமென்று எழுந்துவிடுவதே அறிவு. இங்கிலாந்தில் 1813 முதல் பேர்மிங்காம் சோதனைச் சாலை, துவக்குகளை மிகுந்த மருந்திட்டு வெடித்துப் பார்த்து, தேறியவற்றில் முத்திரை குத்தி வருகிறது. அத்தகைய முத்திரை குழலடியில் உண்டாவெனத் தேடுதல் நன்று. குழலின் மேல் பாம்புச் சட்டை போன்ற வரிகள் ஓடினால், அஃது இரும்புப் பட்டிகளைச் சுற்றி அடித்த பழைய குழலாகலாம். அவற்றுட் பல கரிய வெடிமருந்துக்கென ஆனவை. இக்காலத் தோட்டாவின் அழுத்தத்தைத் தாங்கா. தோட்டா அமரும் அறையின் நீளமும் முக்கியம். இரண்டரை அங்குல அறையில் இரண்டே முக்கால் அங்குலத் தோட்டா நுழையக்கூடும். ஆனால் வெடிக்கும்போது அதன் வாய் விரிய இடமின்றி அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறும்.

பின்பு பூட்டு. மூடியபின் குழல் ஆடக்கூடாது. பின்னிழுத்த குதிரை, விசையைத் தொடாமல் நழுவக் கூடாது. இவையெல்லாம் நமக்குத் தெரியாவிடின், தேர்ந்த துவக்குத் திருத்துநருக்குக் கொடுக்கும் கூலி வீண்செலவாகாது.

யானை வந்தால்?

இங்குதான் துவக்கை நம்பினோர் ஏமாறுகின்றனர். பன்றியை விரட்டும் ஈயக்குண்டு யானையைக் கொல்லாது, காயமே செய்யும். சீழ் பிடித்த புண்ணோடு திரியும் யானை, மனிதவாடை கண்டாலே சீறும். அன்றியும் யானை சட்டத்தாற் காக்கப்பட்ட உயிர்.

பாடும் மீனைப் பற்றி எழுதிய எமர்சன் தெனன்ற், 1848க்கு முந்திய மூன்றாண்டுக்கும் குறைந்த காலத்தில் வட மாகாணத்தில் 3,500 யானைகள் கொல்லப்பட்டதாகவும் குறித்துள்ளார். அந்நாளில் அரசே அதற்குப் பரிசளித்தது. அத்தனை கொன்றும் பகை தீர்ந்ததா? 2023இல் இலங்கையில் 470க்கு மேற்பட்ட யானைகளும் 170க்கு மேற்பட்ட மனிதரும் மாண்டனர். வனசீவராசிகள் திணைக்களத்தின் யானை வெடியும், ஊர்கூடிப் பராமரிக்கும் மின்வேலியுமே இதற்குத் துணை. கயிறு தட்டினால் வெடிக்கும் கட்டுத்துவக்கு ஒருபோதும் துணையாகாது. வழிதவறி வரும் அயலான் காலுக்கும் பன்றியின் காலுக்கும் அதற்கு வேற்றுமை தெரியாது.

நடுச்சாமத்தில் வரப்போரம் சலசலப்பு எழுந்தது. பெரியவர் துவக்கைத் தொடவில்லை. தகரத்தைத் தட்டினார், பேரன் கைவிளக்கை வீசிக் கூவினான். பன்றிகள் காட்டை நோக்கி ஓடின. “வெடிச்சத்தமில்லாமல் விடிகிற இரவுதான் நல்ல காவல்” என்றார் அவர்.

விடிந்ததும் துவக்கைத் திறந்து, குழலினூடே கீழ்வானத்தைப் பார்த்து, எண்ணெய்த் துணியால் துடைத்தார். தோட்டாவை வேறொரு பெட்டியிலிட்டுப் பூட்டினார். பேரன் கைத்துப்பாக்கியைப் பற்றி மறுபடி பேசவில்லை. அவன் பார்வை, துணியைப் பிடித்திருந்த அந்த மூன்று விரற் கையின்மேல் இருந்தது.