இயற்கை நெல்லுக்குக் கட்டுப்படியான விலை பெற வழி

செஞ்சிக் கோட்டைக்குப் போகிறவர்கள் ராஜகிரி அடிவாரத்தில் பெரிய நெற்களஞ்சியத்தைக் காணலாம். 1690இல் தொடங்கிய முகலாயர் முற்றுகை 1698 வரை நீண்டது. விளைந்ததை அன்றே செலவிட்டுவிடாமல் சேமித்து வைப்பதன் அருமையை அக்காலத்தவர் அறிந்திருந்தனர்.

அதே செஞ்சியில் இன்று நிலைமை வேறு. சம்பா அறுவடையாகும் தை, மாசி மாதங்களில் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு நெல் மூட்டைகள் ஒரே சமயத்தில் வந்து குவிகின்றன. வரத்து கூடும்போது விலை இறங்குகிறது. இதில் இயற்கை முறையில் பயிரிட்டவருக்கு இரட்டை நஷ்டம். தொழு உரம் அடித்து, ஆள் விட்டுக் களை பறித்து, தொடக்க ஆண்டுகளில் மகசூல் குறைவையும் தாங்கி விளைவித்த நெல்லை, மற்ற நெல்லோடு சேர்த்து ஒரே விலைக்கே எடுக்கிறார்கள். அரசு கொள்முதலிலும் இதே கதைதான். 2025-26 பருவத்துக்குத் தமிழக அரசின் ஊக்கத்தொகையும் சேர்ந்து குவிண்டாலுக்குச் சாதாரண ரகம் ரூ.2,500, சன்ன ரகம் ரூ.2,545 என்று நிர்ணயிக்கப்பட்டது. இயற்கை நெல்லுக்கென்று தனி விலை இல்லை. இதனால் மனம் வெறுத்து மீண்டும் யூரியா மூட்டைக்கே திரும்பியவர்கள் உண்டு.

நெல் எப்படி விளைந்தது என்று தராசு கேட்பதில்லை. ஆகவே எல்லா நெல்லையும் ஒரே நாளில் தராசுக்குக் கொண்டுபோகாமல் இருப்பதே முதல் பரிகாரம். மகசூலை மூன்று பங்காகப் பிரிப்பது நல்லது. ஒரு பங்கைக் கூலிக்கும் கடனுக்குமாக உடனே விற்கலாம். ஒரு பங்கை இருப்பு வைக்கலாம். ஒரு பங்கை அரிசியாக்கி விற்கலாம்.

காய வைப்பதில் கணக்கு

அறுத்தவுடன் நெல்லில் 20 சதவீதம் அல்லது அதற்கு மேலும் ஈரம் இருக்கும். அரசு கொள்முதல் நிலையத்தில் 17 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருக்கக் கூடாது. மாதக்கணக்கில் இருப்பு வைக்க 12 சதவீதம் வேண்டும். 20 சதவீத ஈரமுள்ள 100 கிலோ நெல்லை 12 சதவீதத்துக்குக் காய வைத்தால் எடை சுமார் 91 கிலோவாகக் குறையும். ஈர நெல் கிலோ ரூ.20க்குப் போகிறது என்று வைத்துக்கொண்டால், காய்ந்த நெல்லுக்கு ரூ.22 கிடைத்தால்தான் முதலுக்கு முதல். அதற்கு மேல் கிடைப்பதே ஆதாயம். இந்தக் கணக்கைப் போடாமல் இருப்பு வைப்பது கூடாது.

கடும் வெயிலில் ஒரே மூச்சில் காய வைத்தால் அரைக்கும்போது குருணை மிகும். காலையிலும் மாலையிலும் பரப்பிக் கிளறி விட்டு, உச்சி வெயிலில் குவித்து மூடி வைக்க வேண்டும். கோணிகளை முன்னதாக வெயிலில் நன்றாகக் காய வைத்த பிறகு நெல்லைக் கட்டி, சுவரை ஒட்டாமல் மரச்சட்டத்தின் மேல் அடுக்க வேண்டும். காய்ந்த வேப்பிலையோ நொச்சி இலையோ இடையிட்டு வைக்கலாம். பதினைந்து நாளுக்கு ஒருமுறை அந்துப்பூச்சியும் கூன்வண்டும் தென்படுகின்றனவா என்று பார்ப்பது அவசியம்.

பணமுடை உள்ளவர்கள் ஒழுங்குமுறை விற்பனைக்கூடக் கிடங்கில் நெல்லை இருப்பு வைத்துப் பொருளீட்டுக் கடன் பெறலாம். நெல்லின் மதிப்பில் 75 சதவீதம் வரை, ஆண்டுக்கு 5 சதவீத வட்டியில் கிடைக்கும். உச்சவரம்பையும் தவணையையும் அலுவலகத்தில் கேட்டறிய வேண்டும். ரூ.1,500 கடனுக்கு மூன்று மாத வட்டி சுமார் ரூ.19தான். ஆனால் கிடங்கில் பூச்சிக்கு மருந்துப் புகை போடுவது உண்டு. இயற்கை நெல் என்பதைச் சொல்லித் தனியே வைக்க முடியுமா என்று விசாரித்த பின்பே இறக்க வேண்டும். முடியாதெனில் வீட்டில் வைப்பதே சரி.

அரிசியாக விற்றால்

100 கிலோ காய்ந்த நெல்லில் உமி மட்டும் சுமார் 20 கிலோ போகும். தீட்டிய அரிசி 60 முதல் 65 கிலோ தேறும். தவிடு நீக்காமல் அரைத்தால் 70 கிலோவுக்கு மேல் கிடைக்கும். நெல் விலை ரூ.22 என்றால், 62 கிலோ அரிசி தேறும்போது கிலோவுக்கு ரூ.35.50 நெல்லுக்கே சரியாகிவிடும். அரவைக் கூலி, பை, வண்டிச் சத்தம் ஆகியவற்றை அதன்மேல் சேர்த்துத்தான் விலை சொல்ல வேண்டும். தவிட்டைக் கேட்டு வாங்கி மாட்டுக்கு வைக்கலாம். தவிடு நீக்காத அரிசி நாளானால் காறல் வாடை அடிக்கும். ஆதலால் நெல்லாகவே வைத்திருந்து, கேட்கும் அளவுக்கு மட்டும் அரைப்பது உத்தமம்.

வாங்குகிறவர்களுக்கு எங்கே போவது என்று மலைக்க வேண்டியதில்லை. மாதம் 25 கிலோ வாங்கும் பத்துக் குடும்பங்களுக்கு ஆண்டுக்கு 3,000 கிலோ அரிசி தேவை. அதற்குச் சுமார் 4,800 கிலோ நெல், அதாவது 75 கிலோ மூட்டையில் 64 மூட்டை வேண்டும். இரண்டு ஏக்கர்காரரின் விளைச்சல் முழுவதையும் இந்தப் பத்துக் குடும்பங்களே எடுத்துக்கொள்ளும். திருவண்ணாமலை, திண்டிவனம், புதுச்சேரி எல்லாம் செஞ்சியிலிருந்து பஸ்ஸில் போய் வரும் தூரம்தான்.

சான்றிதழ் தேவையா?

ஆண்டு விற்பனை ரூ.12 லட்சத்துக்கு மேற்படாத சிறு உற்பத்தியாளர் உண்பவர்களுக்கே நேராக விற்றால், இயற்கை உணவுக்கான 2017ஆம் ஆண்டு விதிகளின்படி சான்றிதழ் கட்டாயமில்லை. கடைகளுக்கு விற்க நினைப்பவர்கள் பி.ஜி.எஸ். எனப்படும் பங்கேற்புச் சான்று முறையில் சேரலாம். குறைந்தது ஐந்து விவசாயிகள் குழுவாகி, ஒருவர் வயலை மற்றவர் பார்த்து உறுதி செய்யும் முறை இது. விவரங்களை வட்டார வேளாண்மை அலுவலகத்தில் கேட்கலாம்.

விலை விவசாயியின் கையில் இல்லாவிட்டாலும் செலவு அவர் கையில் இருக்கிறது. நடவுக்கு முன் ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் தருணத்தில் மடக்கி உழுதால் உரச் செலவு குறையும். புதிதாக இம்முறைக்கு வருகிறவர்கள் எல்லா நிலத்தையும் ஒரே போகத்தில் மாற்றாமல் கால் பங்கில் தொடங்க வேண்டும். வாடிக்கைக் குடும்பங்கள் சேரச் சேர நிலத்தைக் கூட்டிக்கொள்ளலாம். பத்துக் குடும்பங்களின் பெயர் நோட்டில் ஏறிய பிறகு நாற்று விடுகிறவருக்குத் தை மாதத்து விலை வீழ்ச்சி அவ்வளவாகப் பாதிக்காது.