முதல், வழி, சார்பு: பழைய சேலம் மாவட்டத் திரைமரபில் ஹாலிவுட் நட்சத்திரச் சுவை

தமிழ்த் திரைப்பட வரலாற்றை எழுதப் புகுவோர், 1930களிலிருந்து 1950கள் வரையிலான படங்களில் ஹாலிவுட்டின் சாயலைக் காணுமிடத்துத் ‘தழுவல்’ என்றோ ‘நகல்’ என்றோ ஒரு சொல்லால் கடந்துவிடுவது வழக்கம். கதை எங்கிருந்து வந்தது என்பதை அச்சொற்கள் கூறும். வந்த கதை இங்கு என்ன ஆயிற்று என்பதைக் கூறமாட்டா. அயல்மொழிப் படம் ஒன்றையும் அதில் நடித்த நட்சத்திரத்தையும் தமிழர் சுவைத்த முறையை ஆராய்வதற்குத் தமிழ் இலக்கண மரபிலேயே கருவிகள் உள்ளன. மெய்ப்பாடு பற்றிய கோட்பாடும், முதல், வழி, சார்பு என்னும் நூல்வகைப் பாகுபாடும் அவற்றுள் தலையாயவை. இக்கட்டுரை அவற்றைச் சேலத்தை மையமாகக் கொண்டு உருவான சில படங்களின்மேல் வைத்துப் பார்க்கிறது.

இன்றைய தருமபுரி மாவட்டம் 1965 அக்டோபர் 2 வரை சேலம் மாவட்டத்தின் பகுதியாக இருந்தது. ஆகவே காரிமங்கலம் போன்ற ஊர்களின் திரைப்பட வரலாறு சேலத்தின் திரைப்பட வரலாற்றிலிருந்து பிரிக்கத்தக்கதன்று. ஆங்கிலப் படங்கள் பெரும்பாலும் நகரத் திரையரங்குகளோடு நின்றன. டூரிங் கொட்டகைகளில் மணல் குவித்து அமர்ந்து படம் பார்த்த சிற்றூர் மக்களுக்கு ஹாலிவுட் நட்சத்திரங்கள் தமிழ் நடிகர்களின் உடல்வழியாகவே வந்து சேர்ந்தனர். இவ்வுண்மையை முன்னிறுத்தினால்தான் பின்வரும் எடுத்துக்காட்டுகளின் பொருள் விளங்கும்.

பேசாப்பட மெய்ப்பாடு

திவான் பகதூர் டி. ரங்காச்சாரியார் தலைமையில் 1927இல் அமைக்கப்பட்ட இந்தியத் திரைப்படக் குழு, மறு ஆண்டு அளித்த அறிக்கையில், இந்தியாவில் திரையிடப்பட்ட அயல்நாட்டுப் படங்களுள் மிகப்பெரும்பாலானவை அமெரிக்கப் படங்களே என்பதைப் பதிவு செய்தது. அவற்றுள்ளும் மக்களிடம் மிகுந்த செல்வாக்குப் பெற்றது டக்ளஸ் பேர்பாங்ஸ் நடித்த ‘தீஃப் ஆஃப் பாக்தாத்’ (1924) என்பது அக்குழுவின் கருத்து. கீழைநாட்டுக் களம் அதற்கு ஒரு காரணம். ஆயினும் களம் மட்டும் போதாது. பேர்பாங்ஸ் மதில் ஏறுவதும் குதிப்பதும் கைகளை விரித்து நகைப்பதும் எம்மொழியும் வேண்டாது புரிந்தன. எழுத்தட்டைகளை வாசித்துப் பொருள் சொல்லும் விளக்குநர் ஒருவர் திரையருகே நின்ற காலம் அது. கதையை அவர் சொன்னார். சுவையை உடல் சொன்னது.

பேராசிரியர் மெய்ப்பாட்டியல் உரையில், சுவைக்கப்படும் பொருள், அதை நுகரும் பொறியுணர்வு, உள்ளத்தில் எழும் குறிப்பு, உடம்பில் தோன்றும் வேறுபாடாகிய சத்துவம் என நான்கு நிலைகளைப் பிரித்துக் காட்டுவார். பேசாப்படம் இவற்றுள் இறுதி நிலையை முன்னே நிறுத்தி, மற்றவற்றைப் பார்வையாளர் ஊகித்துக்கொள்ள விடுத்தது. பெருமிதமும் மருட்கையும் நகையும் இவ்வாறு எளிதில் கடல் கடந்தன. மொழியையும் சமூக வழக்கையும் சார்ந்து நிற்கும் நுண்ணிய இளிவரல் அவ்வளவு எளிதில் கடக்கவில்லை. சண்டையும் சாகசமும் நகைச்சுவையும் மிகுந்த அமெரிக்கப் படங்கள் இங்கே நிலைத்ததற்குப் பார்வையாளரின் கல்வியின்மையைக் காரணமாகக் காட்டும் பழைய விளக்கத்தைவிட இது பொருத்தமுடையது.

டங்கனும் ‘அம்பிகாபதி’யும்

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் பிறந்து, தெற்குக் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் திரைப்படம் பயின்ற எல்லிஸ் ஆர். டங்கன் 1935இல் இந்தியா வந்தார். தமிழ் அறியாத அவர், எம்.ஜி.ஆர். அறிமுகமான ‘சதிலீலாவதி’ (1936) தொடங்கி ‘மந்திரிகுமாரி’ (1950) வரை தமிழ்ப் படங்களை இயக்கினார். சேலம் சங்கர் பிலிம்ஸ் தயாரித்த ‘அம்பிகாபதி’ (1937) அவற்றுள் தனித்து நோக்கத்தக்கது. கம்பர் மகனின் காதலைக் கூறும் அச்செவிவழிக் கதைக்குக் காட்சி வடிவம் தேடியபோது, டங்கன் ‘ரோமியோ அண்டு ஜூலியட்’டை முன்மாதிரியாகக் கொண்டார். அந்நாடகம் அதற்கு முந்தைய ஆண்டில்தான் ஜார்ஜ் கூக்கர் இயக்கத்தில், லெஸ்லி ஹோவர்டும் நார்மா ஷியரரும் நடிக்க, ஹாலிவுட் படமாக வெளிவந்திருந்தது. வசனம் எழுதிய இளங்கோவன் அச்சாயலுக்கு இலக்கிய நடை வாய்ந்த தமிழைத் தந்தார். எம்.கே. தியாகராஜ பாகவதர் அதனைப் பாட்டாக்கினார்.

இங்கே எது முதல், எது வழி? கதை தமிழ்நாட்டது, காட்சியமைப்பு மேனாட்டது, உணர்ச்சியைச் சுமந்தது கருநாடக இசை. தொல்காப்பிய மரபியல் வழிநூலின் வகைகளுள் ஒன்றாக மொழிபெயர்ப்பையும் எண்ணும். ‘அம்பிகாபதி’யில் மொழிபெயர்க்கப்பட்டது சொல்லன்று, காதலர் நிற்கும் முறையும் நோக்கும் முறையுமே. அப்படத்தை ஷேக்ஸ்பியர் தழுவல் என்பதும் பிழை, தூய தமிழ்க்கதை என்பதும் பிழை.

சின்னப்பாவின் இரு உருவங்கள்

டி.ஆர். சுந்தரம் சேலத்தில் நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸ் 1940இல் ‘உத்தமபுத்திரன்’ படத்தை வெளியிட்டது. டூமாவின் கதையை ஒட்டி ஜேம்ஸ் வேல் இயக்கிய ‘தி மேன் இன் தி அயர்ன் மாஸ்க்’ அதற்கு முந்தைய ஆண்டுப் படம். அதில் லூயிஸ் ஹேவர்ட் ஏற்ற இரட்டை வேடத்தைத் தமிழில் பி.யு. சின்னப்பா ஏற்றார். ஒருவரே ஒரே சட்டகத்தில் இருவராகத் தோன்ற, வில்லையின் ஒரு பாதியை மறைத்து ஒருமுறை படம்பிடித்து, படச்சுருளைப் பின்னோக்கிச் சுற்றி, மறுபாதியை மறைத்து மீண்டும் படம்பிடிப்பது அக்காலத்து முறை. நடிகர் எதிரில் இல்லாத தன் உருவை நோக்கிக் காலம் தவறாது பேச வேண்டும்.

ஹேவர்டின் தீய அரசன் பட்டாடையும் ஒப்பனையுமாக ஒயில் நடை பயின்றவன், நல்லவன் வாள்வீரன். இருவர்க்குமுள்ள வேறுபாடு பிரெஞ்சு அரசவை நாகரிகத்தின் மேலான அங்கதத்தில் நிற்கிறது. அந்த அங்கதத்துக்குச் சேலத்திலோ காரிமங்கலத்திலோ பொருளில்லை. சின்னப்பாவோ மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் வளர்ந்து ராஜபார்ட் வேடங்களில் பெயர் பெற்றவர். சிலம்பமும் மற்போரும் கற்றவர். தாமே பாடி நடித்தவர். ராஜபார்ட் என்னும் மேடை இலக்கணத்துக்குள் நல்லரசன், கொடுங்கோலன் ஆகிய இரு வகைகளும் முன்னரே இருந்தன. ஹாலிவுட் நடிகர் ஒருவரின் நடிப்புச் சாதனையாக இருந்த ஒன்று தமிழில் ஒரு நாடக மரபு முழுவதன் வெளிப்பாடாக மாறியது. ஹேவர்டின் பெயரையே கேள்வியுறாத பார்வையாளரும் அவர்பால் அமைந்த சுவையை இவ்வாறு பெற்றனர்.

கதையின் முடிபு மட்டும் மாறவில்லை. தீய அரசன் நீங்க, அவனோடு பிறந்த நல்லவன் அரியணை ஏறுகிறான். வழிநூல் முதனூலின் முடிபோடு ஒத்து, பின்னோன் வேண்டும் வேறுபாடுகளையும் கூறும் என்று நன்னூல் விதிக்கும். ‘உத்தமபுத்திரன்’ இவ்விலக்கணத்துக்கு முற்றும் பொருந்தும் வழிநூல்.

முடிபு மாறிய இடம்

சேலத்துக்கு வெளியே உருவானதாயினும், ‘நாடோடி மன்னன்’ (1958) இங்கு ஒப்பிடத்தக்கது. ரொனால்ட் கோல்மன் நடித்த ‘தி பிரிசனர் ஆஃப் ஜெண்டா’வை (1937) அது தழுவியது, தழுவியதை எம்.ஜி.ஆர். மறைக்கவில்லை. அதே கோல்மனின் ‘இஃப் ஐ வேர் கிங்’ (1938) படமும் அவருக்குத் தூண்டுதலாக இருந்தது. ஆக, ஒரு கதையைவிட ஒரு நட்சத்திரத்தின் இரு படங்கள் இத்தமிழ்ப் படத்தின் பின்னணியில் நிற்கின்றன.

‘ஜெண்டா’வின் நாயகன் அரசனைப் போன்ற உருவமுடைய அயலான். அவன் அரசனை மீட்டு, அரியணையை ஒப்படைத்து, காதலையும் துறந்து நாடு திரும்புகிறான். அவனது பெருமிதம் துறவில் உள்ளது. முடியாட்சி ஐயத்துக்கு உள்ளாவதே இல்லை. தமிழ் வீராங்கனோ முடியாட்சிக்கு எதிராகப் போராடும் குடிமகன். அரசனாக நடிக்கக் கிடைத்த நாள்களில் அவன் சட்டங்கள் இயற்றுகிறான். படம் மக்களாட்சியில் முடிகிறது. திராவிட இயக்க அரசியல் இம்மாற்றத்துக்குக் காரணம் என்பது பலரும் அறிந்ததே. இலக்கண நோக்கில் கருதத்தக்கது வேறொன்று. முடிபு ஒவ்வாத இடத்து வழிநூல் என்னும் பெயர் பொருந்தாது. ஒருபுடை ஒத்து, பிறவற்றில் திரிந்து வேறுபடுவதை நன்னூல் சார்புநூல் என்னும்; ‘நாடோடி மன்னன்’ அவ்வகையினது. கோல்மனின் மிடுக்கையும் இரட்டை வேடத்தின் சுவையையும் ஏற்ற தமிழ்ச் சுவைஞர், அவற்றோடு வந்த அரசவிசுவாசத்தைத் தள்ளினர். ‘நகல்’ என்னும் சொல்லில் இந்தத் தேர்வுக்கு இடமில்லை.

பின்னாளில் மாடர்ன் தியேட்டர்ஸ் ‘வல்லவன் ஒருவன்’ (1966) முதலிய படங்களால் ஜெய்சங்கரைத் ‘தென்னகத்து ஜேம்ஸ்பாண்ட்’ ஆக்கியது. அப்பட்டம் பாத்திரத்தின் பெயரைக் கொண்டதேயன்றி, நடித்த ஷான் கானரியின் பெயரைக் கொண்டதன்று. நட்சத்திரத்தின் இடம் உள்ளூரில் முன்னரே நிரம்பியிருந்தது போலும்.

இதற்கு மாறான நிகழ்ச்சி ஒன்றும் சேலத்தில் உண்டு. 1952இல் மாடர்ன் தியேட்டர்ஸ், அமெரிக்காவின் லிப்பர்ட் நிறுவனத்தோடு இணைந்து ‘தி ஜங்கிள்’ படத்தைத் தயாரித்தது. வில்லியம் பெர்க் இயக்கினார். தமிழில் அது ‘காடு’. ராட் கேமரான், சீசர் ரொமேரோ, மேரி வின்சர் ஆகிய ஹாலிவுட் நடிகர்கள் இதில் நடித்தனர், எம்.என். நம்பியாரும் உடன் நடித்தார். யானைகளுக்கு உரோமம் போர்த்தி, அழிந்துபோன பெருயானைகளாகக் காட்டிய அப்படம் இன்று ஒரு தயாரிப்பு விந்தையாகவே குறிப்பிடப்படுகிறது. சேலத்துக்கு ஒருபோதும் வாராத லூயிஸ் ஹேவர்டுக்குச் சின்னப்பாவின் வழி கிடைத்த இடம், சேலத்துப் படத்திலேயே நடித்த ராட் கேமரானுக்குக் கிடைக்கவில்லை. அவர்தம் உடலைத் தன் உடலாக ஏற்று நடித்துக் காட்ட ஒரு தமிழ் நடிகர் வாய்க்கவில்லை. நூற்றுக்கும் மேற்பட்ட படங்களைத் தந்த அப்படநிலையத்தில் இன்று எஞ்சியிருப்பது, ஏற்காடு செல்லும் சாலையோரம் நிற்கும் முகப்பு வளைவு ஒன்றே.