மலையைக் குடையும் முன்: மதிப்பீட்டு அறிக்கையில் வியாபாரி பார்க்க வேண்டியவை

2015-லிருந்து மூன்று நான்கு ஆண்டுகள் போடி கடைத்தெருவில் நியூட்ரினோ பற்றிப் பேசாத நாள் கிடையாது. கதிர்வீச்சு வரும், ஊர் காலியாகிவிடும் என்பார் ஒருவர். வெளியூர் ஆட்கள் வந்து குவிவார்கள், அரிசியும் பருப்பும் மூட்டை மூட்டையாக ஓடும் என்பார் இன்னொருவர். "சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை என்று ஒன்று தயாரித்திருக்கிறார்களே, அதைப் பார்த்தீர்களா?" என்று கேட்டால் இருவருமே விழிப்பார்கள். சரக்கின் கனம் பார்க்காமல் விலை கேட்காத நம்மவர்கள் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் மூட்டையைப் பிரிக்காமலே விலை பேசிக்கொண்டிருந்தோம்.

இந்த அறிக்கை எது, யார் எழுதுவது, நாம் அதில் எதைத் தேட வேண்டும் என்பதை நம் சங்க உறுப்பினர்களுக்குப் புரியும்படி சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். நாளை நம் பக்கத்தில் குவாரி வரலாம், சாலை வரலாம், வேறு சுரங்கம் வரலாம். எல்லாவற்றுக்கும் கணக்கு ஒன்றுதான்.

முதலில் திட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். நியூட்ரினோ என்பது சூரியனிலும் வளிமண்டலத்திலும் உண்டாகி, நம் உடம்பையும் மலையையும் ஊடுருவி, எதையும் தொந்தரவு செய்யாமல் போய்க்கொண்டே இருக்கும் மிக நுண்ணிய துகள். வளிமண்டல நியூட்ரினோவை 1965-இல் கோலார் தங்கச் சுரங்கத்தின் ஆழத்தில் கண்டறிந்தவர்களில் நம் நாட்டு விஞ்ஞானிகளும் உண்டு. பிற்பாடு, மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தை முன்னிட்டு ஒரு புதிய ஆய்வுக்கூடம் அமைக்க இடம் தேடினார்கள். முதலில் பார்த்தது நீலகிரியில் சிங்காரா. முதுமலைப் புலிகள் காப்பகம் பக்கத்தில் இருப்பதால் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2009-இல் அதை மறுத்தது. அதன் பிறகுதான் தேவாரம் பக்கத்துப் பொட்டிபுரமும், உள்ளூரார் அம்பரப்பர் மலை என்று கும்பிடும் மலையும் பேச்சில் வந்தன. மலைக்குள் சுமார் 2 கிலோமீட்டர் சுரங்கப்பாதை. அதன் கோடியில் 132 மீட்டர் நீளமும் 26 மீட்டர் அகலமும் கொண்ட குகை. அதற்குள் 50,000 டன் இரும்பில் ஒரு கருவி. 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை சுமார் 1,500 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்தது.

இப்படிப்பட்ட பெரிய வேலை எதுவானாலும், தொடங்கும் முன்பே அதனால் நிலம், நீர், காற்று, காடு, ஜனங்கள் ஆகியவற்றுக்கு என்ன நேரும் என்று எழுதிக் காட்ட வேண்டும் என்பது சட்டம். 1986-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 1994-இல் ஓர் அறிவிக்கை வந்தது. இப்போது நடைமுறையில் இருப்பது 2006 செப்டம்பர் 14 அறிவிக்கையும் அதன் மீது அவ்வப்போது செய்த திருத்தங்களும். திட்டங்களை 'அ' பிரிவு, 'ஆ' பிரிவு என்று பிரித்திருக்கிறார்கள். 'அ' என்றால் டெல்லி பார்க்கும். 'ஆ' என்றால் மாநில அளவில் பார்ப்பார்கள்.

உதாரணத்துக்கு மீன்பிடித் துறைமுகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கடலே இல்லாத போடியில் துறைமுகம் எதற்கு என்று சிரிக்க வேண்டாம். நம் கடைக் கருவாடு வேறு எங்கிருந்து வருகிறது? ஆண்டுக்கு 10,000 டன்னும் அதற்கு மேலும் மீன் கையாளும் துறைமுகம் 'ஆ' பிரிவில் வரும். அங்கே முக்கியமாகப் பார்ப்பது துறைமுகச் சுவருக்குள் நடப்பதை மட்டுமன்று, சுவருக்கு வெளியே மணல் எங்கே போகிறது என்பதை. சென்னைத் துறைமுகத்துக்குக் கடலில் சுவர் கட்டினார்கள். தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகலமானது. வடக்கே ராயபுரம் பக்கம் கடல் கரையைத் தின்றது. துறைமுகம் கட்டியவர் வேறு, வீட்டைக் கடலுக்குக் கொடுத்தவர் வேறு. அந்தக் காலத்தில் இப்படி ஓர் அறிக்கை கேட்க யாரும் இல்லை.

மலைக்கும் இதே கேள்விதான். வேலி போட்ட இடத்துக்கு வெளியே என்ன ஆகும்?

பொட்டிபுரத்தில் நடந்ததைப் பாருங்கள். மதிப்பீட்டைச் செய்தது கோவையில் உள்ள சலீம் அலி பறவையியல் மையம். அந்த அறிக்கையை வைத்து 2011-இல் அனுமதி கிடைத்தது. பறவையும் வனவிலங்கும் அவர்களுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்குத் தெரியும்? ஆனால் மதிப்பீடு எழுதுவோர் அதற்கென அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும் என்பது விதி. அந்த அங்கீகாரம் இந்த மையத்துக்கு இல்லை. அத்துடன் திட்ட இடம் கேரளத்தின் மதிகெட்டான் சோலை தேசியப் பூங்காவுக்கு 5 கிலோமீட்டருக்குள் வருகிறது. மாநில எல்லையோ இன்னும் பக்கம். ஆகவே இதை 'அ' பிரிவாக வைத்துப் பார்த்திருக்க வேண்டும் என்று சொல்லி, தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வு 2017 மார்ச்சில் அனுமதியை நிறுத்தி வைத்தது. 2018 மார்ச்சில் மத்திய அமைச்சகம் சிறப்பு நேர்வாக எடுத்துக்கொண்டு நிபந்தனைகளோடு மறுபடி அனுமதி தந்தது. அதே ஆண்டு நவம்பரில் தீர்ப்பாயம் அந்த அனுமதி செல்லும், ஆனால் தேசிய வனவிலங்கு வாரியத்தின் சம்மதமும் வேண்டும் என்றது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 2022 பிப்ரவரியில் தமிழக அரசு, புலிகள் நடமாடும் வழித்தடத்தைக் காரணம் காட்டி, இந்தத் திட்டத்தை அனுமதிக்க முடியாது என்று அங்கே பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தது.

ஓர் அறிக்கையை உரிய ஆளிடம், உரிய பிரிவில் வாங்காததால் எத்தனை ஆண்டு போயிற்று என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். இதற்கிடையில் சீனாவில் குவாங்டாங் மாகாணத்தில் பூமிக்கு அடியில் கட்டிய நியூட்ரினோ ஆய்வுக்கூடம் 2025 ஆகஸ்டில் வேலையைத் தொடங்கிவிட்டது. திட்டம் வேண்டும் என்பவருக்கும் நஷ்டம், வேண்டாம் என்பவருக்கும் நிம்மதியில்லை.

நம் தொழிலில் இதற்கு நல்ல ஒப்புமை உண்டு. ஏல மையத்தில் ஒவ்வொரு லாட்டுக்கும் மாதிரி தருகிறார்கள். நிறம், கனம், மணம், எத்தனை மில்லிமீட்டர் சல்லடையில் நிற்கிறது என்று பார்த்துத்தான் விலை கேட்கிறோம். விற்கிறவரே நல்ல காயாகப் பொறுக்கி ஒரு பொட்டலம் நீட்டினால் அதை வைத்து நூறு மூட்டைக்கு விலை சொல்வோமா? தாக்க மதிப்பீட்டில் அதுதான் சங்கடம். அறிக்கை எழுதுபவருக்குக் கூலி கொடுப்பதே திட்டத்தைக் கொண்டுவருபவர்தான். சட்டம் அப்படித்தான் இருக்கிறது. எழுதுபவர் யோக்கியராகவே இருந்தாலும், மூட்டையின் அடியில் கைவிட்டுப் பார்க்கிற வேலை நம்முடையதாகிறது.

அடியில் கைவிட்டால் எதைத் தேடுவது? கதிர்வீச்சை அன்று. நியூட்ரினோவால் யாருக்கும் கெடுதல் இல்லை. இந்த நிமிடமும் கோடானுகோடி நம்மைத் தாண்டிப் போகின்றன. இதையே பிடித்துக்கொண்டு கூட்டம் போட்டதால், பதில் சொல்ல வேண்டியவர்களுக்கு வேலை சுலபமாகிவிட்டது என்பது எங்கள் கருத்து. கேட்க வேண்டியது கல்லைப் பற்றி. லட்சக்கணக்கான கன மீட்டர் பாறையை வெடி வைத்து உடைத்து வெளியே கொண்டுவர வேண்டும். இந்த மலைப் பாறை கன மீட்டருக்குச் சுமார் 2.7 டன். ஒரு லட்சம் கன மீட்டர் என்றால் 2,70,000 டன். 10 டன் ஏற்றும் லாரிக்கு 27,000 நடை, காலியாகத் திரும்பி வருவது தனி. எந்தச் சாலையில் போகும்? பள்ளி விடும் நேரத்திலா, வாரச்சந்தை நாளிலா? கொட்டி வைக்கிற குவியலை மழை அரித்தால் அந்த மண் எந்த ஓடையில், எந்தக் கண்மாயில் போய்த் தங்கும்? வெடி அதிர்ச்சியில் கிணற்று ஊற்று மாறினால் அதைக் கண்டுபிடிக்க, வேலைக்கு முன்பே எத்தனை கிணறுகளின் நீர்மட்டம் எழுதி வைத்திருக்கிறார்கள்? வேலையாட்களுக்குத் தண்ணீர் எந்த ஆற்றிலிருந்து, கோடையில் எவ்வளவு? ஆடு மாடு மேய்க்கிறவனுக்கும் அம்பரப்பருக்குப் பொங்கல் வைக்கிறவனுக்கும் பாதை விடுவார்களா?

மளிகைக்காரருக்கு இதில் என்ன என்று இன்னும் யாராவது கேட்டால், ஏலக்காயைத்தான் காட்ட வேண்டும். ஏலச்செடி வெயிலைத் தாங்காது. மர நிழல், ஈரக்காற்று, இலைமக்கிய மண், விட்டுவிட்டுப் பெய்யும் மழை இவை நான்கும் வேண்டும். சோலைக்காடு பிடித்து வைக்கும் ஈரத்தில்தான் தோட்டம் நிற்கிறது. 2018 ஆகஸ்டில் கேரள வெள்ளம். அடுத்த கோடையில் வறட்சி. விளைச்சல் விழுந்து, 2019 ஆகஸ்டில் ஏலத்தில் கிலோ 7,000 ரூபாய் வரை போனது. விலை ஏறினால் வியாபாரிக்குக் கொண்டாட்டம் என்று வெளியில் இருப்பவர் நினைப்பார். 10 கிராம் பாக்கெட்டை வாடிக்கையாளர் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துப் போனது சில்லறைக் கடைக்காரருக்குத் தெரியும். முதல் இரட்டிப்பாக முடங்கியது மொத்த வியாபாரிக்குத் தெரியும். ஒரு சுரங்கத்தால் மழை நின்றுவிடும் என்று நாங்கள் சொல்லவில்லை. அப்படிச் சொல்ல ஆதாரமில்லை. மலையில் ஒரு மாற்றம் நம் கல்லாவுக்கு எவ்வளவு சீக்கிரம் வருகிறது என்பதைச் சொல்கிறோம்.

இனி நடைமுறை. பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் கட்டாயமான திட்டங்களுக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாளிதழில் அறிவிப்புத் தர வேண்டும். தமிழ் நாளிதழிலும் வர வேண்டும். மக்களுக்குக் குறைந்தது 30 நாள் அவகாசம் உண்டு. அறிக்கையின் சுருக்கம் தமிழிலும் இருக்க வேண்டும். அது கலெக்டர் அலுவலகத்திலும் மாவட்டத் தொழில் மையத்திலும் பார்வைக்குக் கிடைக்கும். கூட்டத்துக்குக் கலெக்டரோ அவருக்கு அடுத்த நிலை அதிகாரியோ தலைமை வகிப்பார். பேசுவது முழுவதும் வீடியோவில் பதிவாகும். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கட்டடப் பிரிவில் சேர்த்துவிட்டால் இந்தக் கூட்டம் சட்டப்படி கட்டாயமில்லை. பொட்டிபுரம் ஆய்வுக்கூடத்தைக் கட்டடப் பிரிவில்தான் வைத்தார்கள். மலைக்குள் 2 கிலோமீட்டர் குடைவது நம் கண்ணுக்குக் கட்டடமாகப் படவில்லை. அந்தக் கேள்வியைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும்.

நேரில் பேசக் கூச்சப்படுகிறவர் எழுதிக் கொடுக்கலாம். நீளமாக வேண்டியதில்லை. உங்கள் கடை எங்கே, எத்தனை ஆண்டாக நடக்கிறது, சரக்கு லாரி எந்த வழியாக வருகிறது, குடிக்கவும் புழங்கவும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதை எழுதி, அறிக்கையின் எந்தப் பக்கத்தில் இதற்குப் பதில் இருக்கிறது என்று கேளுங்கள். எழுப்பிய ஆட்சேபணைகளுக்குத் திட்டக்காரர் இறுதி அறிக்கையில் பதில் எழுதியாக வேண்டும். மனுவை இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் வாரிய அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கிக் கணக்குப் புத்தகங்களோடு வைத்துக்கொள்ளுங்கள்.