கப்பியும் காற்றும்

கல்வராயன் மலையின் அடிவாரத்தில், கோமுகி அணைக்கு அருகில் அமைந்துள்ள ஊர் கச்சிராயபாளையம். அவ்வூரைச் சூழக் கரும்பு விளைகின்றது. விளைந்த கரும்பை அரைப்பதற்குக் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை ஒன்றும் அங்கே உண்டு. கரும்போ ஏறத்தாழ ஓராண்டு நிலத்தில் நின்று, நீரை மிகுதியாக வேண்டும் பயிர். வாய்க்கால் எட்டாத வயலுக்குக் கிணறே துணை. இக்காலத்தில் பெரும்பாலான கிணறுகளில் மின்சாரம் நீர் இறைக்கின்றது. ஆயினும் எண்ணெய் எஞ்சினைப் பயன்படுத்துவோரும் முற்றிலும் மறைந்துவிடவில்லை. அத்தகைய உழவர் ஒருவரை மனத்தில் கொண்டு, மாணவர்களே, ஒரு கணக்கைப் பார்ப்போம்.

அவருடைய எஞ்சின் 6 குதிரைத்திறன் உடையது. நிமிடத்திற்கு 650 முறை சுழல்வது. அதன் அச்சில் 16 அங்குல விட்டமுள்ள கப்பி ஒன்று பூட்டப்பட்டுள்ளது. இதனைத் தொழிலாளர் 'புல்லி' என்பர். நீர் இறைக்கும் பம்பின் அச்சில் இருப்பது 8 அங்குலக் கப்பி. இரண்டையும் ஒரு பெல்ட் பிணைக்கின்றது. பெரிய கப்பி ஒரு முறை சுற்றினால் சிறிய கப்பி இரு முறை சுற்றும்; ஆகவே பம்பு 1300 சுற்று சுழலும். எஞ்சினின் சுற்றை அதன் கப்பியின் விட்டத்தால் பெருக்கிப் பம்புக் கப்பியின் விட்டத்தால் வகுத்தால் பம்பின் சுற்று கிடைத்துவிடும். கப்பிக் கணக்கு இவ்வளவே.

கோடை முற்றுகின்றது, கரும்பு வாடுகின்றது. இன்னும் சற்று மிகுதியாக நீர் வந்தால் நலமாயிருக்கும் என்று எண்ணி, உழவர் 8 அங்குலக் கப்பியைக் கழற்றிவிட்டு 7 அங்குலக் கப்பியை மாட்டுகின்றார். பம்பு இப்பொழுது ஏறத்தாழ 1486 சுற்று சுழல வேண்டும். ஏழில் ஒரு பங்கு வேகம் கூடியதால், ஏழில் ஒரு பங்கு நீர் கூடும். எஞ்சினுக்கும் அவ்வளவே சுமை கூடும் என்று அவர் நினைக்கின்றார். ஆனால் நடப்பது வேறு. எஞ்சின் கரும்புகை கக்குகின்றது, முக்குகின்றது, சுற்று குறைந்து தள்ளாடுகின்றது.

காரணம் யாது? பம்பின் சக்கரம் விரைந்து சுழலும்போது, அது தள்ளும் நீரின் அளவு வேகத்தைப் போலவே கூடும். அந்நீரை எவ்வளவு உயரத்திற்கு உந்தும் என்பதோ வேகத்தின் வர்க்கத்தைப் போலக் கூடும். செய்யும் வேலை இவ்விரண்டின் பெருக்கமாதலின், வேண்டும் ஆற்றல் வேகத்தின் கனத்தைப் போலக் கூடுகின்றது. எட்டின் கனம் 512. ஏழின் கனம் 343. ஒன்றை மற்றொன்றால் வகுத்துப் பாருங்கள்; ஏறக்குறைய ஒன்றரை வரும். முன்பு 5 குதிரைத்திறன் கேட்ட பம்பு இப்பொழுது ஏழரை கேட்கின்றது. எஞ்சினிடம் இருப்பதோ ஆறு! கிணற்றின் ஆழமும் குழாயின் நீளமும் இக்கணக்கைச் சற்று முன்பின் மாற்றக்கூடும். அதன் போக்கை மாற்றா. மேலும், கப்பி சிறுத்தால் பெல்ட் அதனைத் தழுவும் பரப்பும் குறையும். அப்பொழுது பெல்ட் வழுக்கத் தொடங்கும், தேயும், சூடேறிக் கருகும்.

கிணற்றடியில் கண்ட இதே கணக்கு, மோட்டார் வண்டியின் எஞ்சினுக்குள் காற்றை அடைக்கும் கருவியிலும் வருகின்றது. எஞ்சினின் ஆற்றலுக்கு எல்லை வகுப்பது எரிபொருளன்று, காற்றே எனலாம். ஒரு கிலோ பெட்ரோல் செவ்வையாக எரிவதற்கு ஏறக்குறைய 15 கிலோ காற்று வேண்டும். எரிபொருளை எவ்வளவும் ஊற்றலாம். காற்றையோ சிலிண்டர் தானாக உறிஞ்சும் அளவுக்கு மேல் பெற இயலாது. கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்கு ஏறும் வண்டி இதனை நன்கு உணரும். கடல் மட்டத்திலிருந்து 3000 அடி உயரத்தில் காற்றின் அழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறைந்துவிடுகின்றது. ஏற்றம் மிக்க இடத்தில் எஞ்சினின் வலிமையும் அவ்வாறே குறைகின்றது.

இக்குறையை நீக்குவது 'சூப்பர்சார்ஜர்' என்னும் காற்றூதி. அமெரிக்க நாட்டின் இந்தியானா மாநிலத்தைச் சேர்ந்த ரூட்ஸ் உடன்பிறந்தார் இருவர், எட்டு வடிவான இரு சுழலிகள் ஒன்றையொன்று தொடாமல் சுழன்று காற்றைத் தள்ளும் பொறிக்கு 1860-ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றனர். இரும்பு உருக்கும் உலைகளுக்குக் காற்றூத அது பயன்பட்டது. பின்னர் அவ்வகைப் பொறி எஞ்சினோடு இணைக்கப்பட்டது; காற்றூதி பூண்ட கார்களை மெர்சிடஸ் நிறுவனம் 1921-ஆம் ஆண்டில் பெர்லின் கண்காட்சியில் வைத்தது.

இக்காற்றூதியைச் சுழற்றுவதும் எஞ்சினே. இடையில் பெல்ட், இரு முனையிலும் கப்பி. இரண்டு லிட்டர் எஞ்சின் ஒன்று சுற்றுக்கு ஒரு லிட்டர் காற்றை உண்ணும். அதன் கப்பி 6 அங்குலம், காற்றூதியின் கப்பி 3 அங்குலம் என்போம். காற்றூதி தன் ஒவ்வொரு சுற்றிலும் 0.7 லிட்டர் தள்ளுமாயின், எஞ்சினின் ஒரு சுற்றுக்கு 1.4 லிட்டர் வந்து சேரும். ஒரு லிட்டர் இடத்தில் 1.4 லிட்டர் அடைபடுவதால், இயல்பான அழுத்தத்திற்கு மேல் சதுர அங்குலத்திற்கு ஏறக்குறைய 6 பவுண்டு அழுத்தம் கூடும். இனி 3 அங்குலக் கப்பியை நீக்கி இரண்டரை அங்குலக் கப்பியைப் பூட்டுங்கள். வருவது 1.68 லிட்டர். காற்றில் ஐந்தில் ஒரு பங்குதான் கூடிற்று. மிகை அழுத்தமோ 6 பவுண்டிலிருந்து 10 பவுண்டாயிற்று! அரை அங்குல மாற்றம் செய்யும் வேலை இது. காற்றின் கசிவும் வெப்பமும் இவ்வெண்களை ஓரளவு மாற்றும் என்பதையும் நினைவிற் கொள்க.

வெப்பம் என்றோமல்லவா? உண்மையான இடர் அங்கேதான் இருக்கின்றது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பின் அடிப்பகுதியைத் தொட்டுப் பார்த்தவர், அழுத்தப்பட்ட காற்று சூடேறும் என்பதை அறிவர். சூடான காற்றும் பெட்ரோலும் கலந்த கலவை, சிலிண்டருக்குள் ஒழுங்காக எரிவதை விட்டு வெடித்தெழும். 'டக் டக்' என்னும் ஓசை அதன் அறிகுறி. அவ்வோசையைப் பொருட்படுத்தாமல் ஓட்டினால் பிஸ்டனின் தலையில் துளையே விழுந்துவிடும். ஆதலின் காற்றுக்கேற்ற அளவு எரிபொருளைக் கூட்டவும், காற்றைக் குளிர்விக்கவும் வேண்டும். காற்றூதியின் வேகத்துக்கும் எல்லை உண்டு. எஞ்சின் 5000 சுற்றை எட்டும்போது, 3 அங்குலக் கப்பி காற்றூதியை 10,000 சுற்றும், இரண்டரை அங்குலக் கப்பி 12,000 சுற்றும் சுழற்றும். 10,000-க்கு மேல் கூடாது என்று செய்தவர் குறித்திருந்தால், இரண்டரை அங்குலத்தை எண்ணுவதே வீண். அறிந்த வினைஞர் முதலில் இவ்வெல்லையைப் பார்ப்பர். பின்னர் அரைக்கால் அங்குலம் அரைக்கால் அங்குலமாகக் குறைத்து, ஒவ்வொரு முறையும் அழுத்தமானியைப் பார்த்தே மேற்செல்வர். இந்நாளில் லாரிகளில் பெரிதும் காணப்படும் 'டர்போசார்ஜர்' புகைப்போக்கின் வேகத்தால் சுழல்வது. அதற்குக் கப்பியும் இல்லை, பெல்ட்டும் இல்லை.

நம் உழவரை மறந்துவிடவில்லை. 7 அங்குலத்தை விட்டு, ஏழே முக்கால் அங்குலக் கப்பியை அவர் மாட்டினால் பம்பு 1342 சுற்று சுழலும். வேண்டும் ஆற்றல் ஐந்தரைக் குதிரைத்திறன். எஞ்சினால் தாங்க முடியும். கூடும் நீர் சிறிதே. அதனிலும் மிகுதி வேண்டுமாயின், கப்பியை விட்டுவிட்டுக் குழாயைப் பார்க்கலாம். குறுகலான குழாயை அகற்றிச் சற்று அகன்ற குழாயை இட்டால் உராய்வு குறையும். அதே வேகத்தில் கூடுதல் நீர் வாய்க்காலில் விழும்.