சிரிக்க வைக்காதீங்க!

என் ஜோக்குக்கு ஊரில் யார் சிரிக்காவிட்டாலும் வீட்டில் ஒரு ரசிகை நிச்சயம் என்று நம்பிக்கொண்டிருந்தவன் நான். குழந்தை பிறந்து நாலைந்து மாதத்தில் அந்த ரசிகையும் கட்சி மாறிவிட்டாள்! டி.வி.யில் வடிவேலு வந்தால் சேனலை மாற்றினாள். நான் வாயைத் திறந்தால், ''சும்மா இருங்களேன்'' என்று எழுந்து போனாள். சரி, தாயானதும் பொறுப்பு வந்துவிட்டது, நமக்குத்தான் இன்னும் வரவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

இன்னும் சில மாற்றங்கள். ஊருக்குக் கிளம்புவதென்றால் முதல் நாள் சாயங்காலமே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவாள். டூ வீலரில் ஸ்பீட் பிரேக்கர் வந்தால் என் தோளை நசுக்குவாள். தும்மல் வந்தால் காலைப் பின்னிக்கொண்டு அப்படியே நிற்பாள். ஆசையாக வாங்கின வெளிர் நிறச் சுடிதார்கள் பீரோவின் அடித்தட்டுக்குப் போய்விட்டன. எல்லாவற்றையும் பார்த்தேன்... கூட்டிப் பார்க்கத் தோன்றவில்லை. பி.காம். படித்து என்ன பிரயோஜனம்!

ஒரு ஞாயிற்றுக்கிழமை. வீட்டுக்கு வந்த நண்பன் எங்கள் பழைய மானேஜர் மாதிரி நடித்துக் காட்ட, அவள் தன்னை மறந்து சிரித்துவிட்டாள். சிரித்த வேகத்தில் எழுந்து உள்ளே ஓடினாள். போய்ப் பார்த்தால், அழுகை.

''சிரிச்சா... கசியுதுங்க. தும்மினா, இருமினா, குழந்தையைத் தூக்கினா... எல்லாத்துக்கும். பிரசவத்திலேர்ந்தே இப்படித்தான். உங்ககிட்ட எப்படிச் சொல்றது?''

குழந்தைக்கு அப்போது பதினோரு மாதம். ஒரே வீடு, ஒரே ரூம். எனக்குத் தெரியவில்லை, சார்!

முதலில் போன டாக்டர், ''குழந்தை பொறந்தா அப்படித்தாம்மா... போகப்போகச் சரியாயிடும்'' என்று ஃபீஸை வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார். இரண்டாவதாகப் பார்த்த லேடி டாக்டர்தான் காகிதத்தில் படம் போட்டு விளக்கினார், என்னையும் பக்கத்தில் உட்காரவைத்து.

இடுப்பெலும்புக் கூட்டுக்கு அடியில், முன்பக்க எலும்பிலிருந்து பின்னால் வால் எலும்பு வரை தூளி கட்டின மாதிரி தசைகள் இருக்கின்றன. சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூன்றையும் கீழேயிருந்து தாங்குவது அந்தத் தூளிதான். பத்து மாதம் பாரம் தாங்கி, கடைசியில் அதையே விலக்கிக்கொண்டுதான் குழந்தை வெளியே வரவேண்டும். 2004-ல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். அதில் ஒரு தசை தன் நீளத்தைப்போல மூன்று மடங்குக்கு மேல் இழுபடுகிறது! கிரிக்கெட் ஆடித் தொடை பிடித்துக்கொண்டால் மூன்று நாள் லீவு போடுகிற ஆசாமிகள் நாம்.

பலருக்கு அது தானாகவே தேறிவிடும். ஆயுதம் போட்டு எடுத்த பிரசவம், பெரிய குழந்தை, வெகுநேரம் முக்க வேண்டி வந்தது போன்ற கேஸ்களில் தசை எலும்பை விட்டே பிய்ந்துவிடுவதும் உண்டு. பிரசவமான பெண்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குச் சிறுநீர்க் கசிவு இருக்கிறது. சிசேரியன் என்றால் வாய்ப்புக் குறைவு, ஆனால் வரவே வராது என்று சொல்ல முடியாது. சுமந்ததும் சுமைதானே!

சிலருக்கு ஆசனவாயின் சுருக்குத் தசை கிழிந்து, காற்றோ மலமோ கட்டுப்படாமல் போகும். சிலருக்கு அடியில் ஏதோ இறங்குகிற மாதிரி கனமாக இருக்கும். கர்ப்பப்பை இறக்கமாக இருக்கலாம். சிறுநீரையே வெளியே சொல்லாதவர்கள் இதையா சொல்லப்போகிறார்கள்? இரண்டுக்குமே வைத்தியம் இருக்கிறது, டாக்டரிடம் வாய் திறந்தால்.

என் மனைவிக்குச் சொல்லப்பட்ட முதல் மருந்து உடற்பயிற்சி. ஆர்னால்ட் கீகல் என்ற அமெரிக்க டாக்டர் 1948-ல் எழுதிப் பிரபலப்படுத்தியது. சிறுநீரை நிறுத்துகிற மாதிரியும் காற்றை அடக்குகிற மாதிரியும் அந்தத் தசையை உள்ளே, மேலே இழுத்துப் பிடிக்க வேண்டும். சில விநாடி பிடித்து, முழுசாகத் தளர்த்த வேண்டும். மூச்சை அடக்கக் கூடாது. வயிறு, தொடை, பின்பக்கம் எல்லாம் சும்மா இருக்க வேண்டும். ஒரு வேளைக்கு 8 தடவை, தினம் 3 வேளை, குறைந்தது 3 மாதம். பாத்ரூமில் சிறுநீர் போகும்போது நடுவில் நிறுத்தி நிறுத்திப் பழகுவது தப்பு. நிறையப் பேர் இழுப்பதற்குப் பதில் கீழே முக்கிவிடுகிறார்களாம், அது கேட்டை இன்னும் கூட்டும். அதனால் பிசியோதெரபிஸ்டிடம் ஒரு தடவை சரிபார்த்துக்கொள்வது நல்லது. பிரான்ஸில் பிரசவமான பெண்களுக்கு இந்தப் பயிற்சிக்கான செலவை அரசுக் காப்பீடே கொடுக்கிறது. இங்கே நமக்குப் பெயரே தெரியவில்லை.

இதில் தீராவிட்டால் அடுத்து வளையம் பொருத்துவது, ஆபரேஷன் என்று வழிகள் இருக்கின்றன.

''தண்ணி குடிக்கிறதைக் குறைக்காதீங்க'' என்றார் டாக்டர். பிள்ளை பெற்றவள் தண்ணீர் நிறையக் குடிக்கக் கூடாது என்று நம் வீடுகளில் ஒரு சட்டம் உண்டே, அது இங்கே வில்லன். சிறுநீர் கெட்டியாகிப் பையை உறுத்தும், மலச்சிக்கல் வரும், முக்கி முக்கித் தூளி இன்னும் தொங்கும். கனம் தூக்குவதும் ஆகாது என்றார். அன்றிலிருந்து தண்ணீர்க் கேன், கேஸ் சிலிண்டர் எல்லாம் என் இலாகா. மூன்று வேளையும் பத்துப் பத்து நிமிஷம் குழந்தையும் என் இலாகா.

முதல் மாதம் ஒரு மாற்றமும் இல்லை. ''எல்லாம் வேஸ்ட்டுங்க'' என்றாள். மூன்றாவது மாதம் ஒருநாள் சமையலறையில் தாளிக்கும்போது பலமாக ஒரு தும்மல். கால் பின்னவில்லை! கரண்டியோடு வெளியே வந்து என்னைப் பார்த்தாள். அன்று ராத்திரி வடிவேலு பார்த்தோம்.

அந்தச் சமயத்தில் அம்மா ஊரிலிருந்து வந்திருந்தாள். மருமகள் தினமும் கண்ணை மூடிக்கொண்டு என்னவோ எண்ணுவதைப் பார்த்துவிட்டு, ''என்னம்மா, ஜபமா?'' என்றாள். இவள் விளக்கினாள். அம்மா ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்.

''இவனைப் பெத்ததிலேர்ந்து எனக்கும் இருக்கு. பொம்பளைன்னா இதெல்லாம் கூடவே வர்றதுன்னு இருந்துட்டேன்.''

எனக்கு வயது முப்பத்தாறு. எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் அம்மா கடைசி வரிசையில் ஓரச் சேராகப் பார்த்து உட்காருவாள். பந்தி முடிந்ததும் கிளம்பலாம் என்பாள். கால்வலி என்று நாங்களாகவே முடிவு கட்டியிருந்தோம்.

''ஏம்மா, இந்த வயசுல செஞ்சா பிடிக்குமா?'' என்று மருமகளிடம் கேட்டாள்.

மறுநாளே அதே லேடி டாக்டர். பரிசோதித்துவிட்டு, வயது ஒரு தடையில்லை, தாராளமாகச் செய்யலாம் என்றார். இப்போது காலையில் காபிக்குப் பால் காய்கிற நேரத்தில் மாமியாரும் மருமகளும் சோபாவில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து எட்டு வரை எண்ணுகிறார்கள். அது முடிகிறவரை நான் அந்தப் பக்கம் வந்து ஜோக்கடிக்கக் கூடாது என்று உத்தரவு.