மேடை ஏறுமுன் எதைக் கேட்பது?

மதுரை வில்லாபுரத்தில் ஒரு கல்யாண மண்டபம். மாலை வரவேற்பில் பாடுவதற்காக என் மாணவி ஒருத்தி வந்திருந்தாள். ஐந்தரைக் கட்டையில் பாடுகிறவள், நல்ல குரல். முறை வரும்வரை முக்கால் மணி நேரம் குழாய் ஒலிபெருக்கிக்குக் கீழே உட்கார்ந்திருந்தாள். சினிமாப் பாட்டுகள் முழங்கிக்கொண்டிருந்தன. மேடை ஏறியதும், வயலின்காரர் ஷட்ஜம் கொடுத்தும், குரல் அதில் போய் உட்காரவில்லை. ஓர் இழை மேலேயே நின்றது. “எனக்கே தெரிந்தது சார், ஆனால் இறக்க முடியவில்லை” என்று பிறகு கண் கலங்கினாள். அடுத்த மாதம் அவளுக்குக் கல்லூரிகளுக்கிடையிலான இசைப் போட்டி. அதற்கு முன் எதைக் கேட்க வேண்டும் என்பது அவள் கேள்வி.

மேல்நாட்டு ஜாஸ் இசைஞர்கள் கச்சேரிக்கு முன் பிடித்த இசைத்தட்டைக் கேட்பதுண்டே என்று நீங்கள் வினவலாம். அவர்களுடைய பியானோவும் இசைத்தட்டும் பெரும்பாலும் ஒரே அளவில் அமைந்தவை: ‘ஏ’ என்னும் சுரம் வினாடிக்கு 440 அதிர்வுகள். 1939-இல் லண்டன் மாநாட்டில் ஒப்புக்கொண்ட அளவு இது. நம் இசையிலோ அப்படி நிலையான ஷட்ஜம் கிடையாது. பாடுகிறவரின் குரலே அதைத் தீர்மானிக்கிறது. ஆகவே வேறு சுருதியில் ஒலிக்கும் பாட்டு, காதில் தங்கியுள்ள ஆதார சுருதியை அசைத்துவிடலாம். அதை நிலைநிறுத்தத் தம்புராவைப் போல வேறொன்றில்லை.

கணக்கு எளிதாக வர, சாரணி, அனுசாரணிக் கம்பிகள் வினாடிக்கு 200 முறை அதிர்வதாகக் கொள்ளுங்கள். அப்போது பஞ்சமம் 150, மந்தரம் 100. மீட்டிய கம்பி ஒரே ஒலியைத் தருவதில்லை. மந்தரத்திலிருந்து 200, 300, 400, 500 என்று மடங்குகளும் எழுகின்றன. இவையே சீரிசைகள். மந்தரத்தின் மூன்றாம் சீரிசை 300. பஞ்சமத்தின் இரண்டாம் சீரிசையும் 300. பஞ்சமம் சற்று ஏறி 151 ஆகிவிட்டால், 302-ம் 300-ம் சேர்ந்து ஒலி வினாடிக்கு இரு முறை ஏறி இறங்கும். இதற்கு விம்மல் என்று பெயர். பிருடையைத் திருகி, மணியை நகர்த்தி வித்துவான் தேடுவது இந்த விம்மல் அடங்கும் இடத்தைத்தான். ஐந்தாம் சீரிசையான 500, நான்காவதான 400-க்கு அந்தர காந்தாரமாகிறது. யாரும் மீட்டாத காந்தாரம் தம்புராவில் கேட்கிறது என்று பெரியவர்கள் சொல்வது கற்பனையன்று.

கம்பியை எந்த இடத்தில் மீட்டுகிறோமோ, அங்கே கணுவாக அமையும் சீரிசை எழாது என்பது பழைய விதி. திருச்சியில் பிறந்த சர் சி. வி. ராமன், தம்புராவும் வீணையும் இவ்விதிக்கு அடங்குவதில்லை என்று 1921-இல் கல்கத்தாவில் வெளியிட்ட கட்டுரையில் காட்டினார். காரணம் வளைந்த குதிரை. அதிரும் கம்பி அவ்வளைவைத் தொட்டுத் தொட்டு விலகுகிறது. உயர் சீரிசைகள் அங்கே பிறக்கின்றன. கம்பிக்கடியில் செருகிய நூலைச் சிறிது நகர்த்திப் பாருங்கள், தம்புராவின் உயிரே போய்விடும்!

உங்கள் குரலிலும் சீரிசைகள் உண்டு. ஷட்ஜத்தில் ஓர் அதிர்வு பிசகினால் ஐந்தாம் சீரிசையில் ஐந்து பிசகும். அந்த விம்மலைக் காது பிடித்துவிடும். ஆனால் காது களைத்திருக்கக் கூடாது. உரத்த ஒலியை நெடுநேரம் கேட்டால் உட்செவியின் மயிர்ச் செல்கள் சோர்ந்து, செவி சற்று மந்தமாகிறது. தேற நேரம் பிடிக்கும். குழாய் ஒலிபெருக்கி செய்த இரண்டாவது கெடுதல் இது.

வீட்டில் சுருதி சேர்த்த தம்புராவை மேடையில் மறுபடியும் சேர்க்க வேண்டும். விளக்குச் சூட்டில் கம்பி நீண்டு சுருதி இறங்கும். புல்லாங்குழலிலோ காற்று சூடேறச் சுருதி ஏறும்.

தம்புரா இல்லாதவர்கள் கைபேசியில் கேட்கிறார்கள். அதன் சிறு ஒலிபெருக்கி 100 அதிர்வைச் சரியாகத் தராது. ஆனாலும் 200, 300, 400 சேர்ந்து ஒலிக்கையில் காது அந்த 100-ஐத் தானே உணர்ந்துகொள்கிறது.

போட்டியன்று அவள் அரங்கின் பின்னால் வேப்பமரத்தடியில் கைபேசித் தம்புராவுடன் இருபது நிமிடம் உட்கார்ந்திருந்தாள். முதல் பாட்டிலேயே ஷட்ஜம் சேர்ந்தது. ஒரு முறை நடந்ததைச் சோதனை என்று சொல்ல மாட்டேன். பரிசும் வேறொருத்திக்குத்தான் போயிற்று.