சார்ஜர் நின்றுபோன காது

மைட்டோகாண்ட்ரியா செல்லோட பவர் ஹவுஸ்னு ஸ்கூல்லயே படிச்சிருப்போம். அந்த பவர் ஹவுஸ்ல கோளாறு வந்தா அடி வாங்குற உறுப்புகள்ல ஒண்ணு காது. ஏன்?

உள்காதில் இருக்கும் காக்ளியா, நத்தை ஓடு மாதிரி சுருண்டது. அதுக்குள்ள இருக்கும் ஒரு திரவம் எப்பவும் சுமார் +80 மில்லிவோல்ட்டில் இருக்கணும். ஸ்ட்ரியா வாஸ்குலாரிஸ் என்ற திசு பொட்டாசியம் அயனிகளை இடைவிடாம பம்ப் பண்ணி அந்த வோல்டேஜைக் காப்பாத்துது. 24 மணி நேரமும் ஓடும் சார்ஜர்னு வெச்சுக்கலாம். ஒலியை மின் சிக்னலா மாத்துற மயிர்ச்செல்கள் இதை நம்பித்தான் இருக்கு. போதுமான ஏடிபி கிடைக்கலைன்னா சார்ஜர் தளர்ந்துடும், மயிர்ச்செல்களும் மெல்ல அழியும்.

மைட்டோகாண்ட்ரியாவுக்குத் தனி டிஎன்ஏ உண்டு. அதில் 37 ஜீன்கள், எல்லாம் அம்மா வழியா வர்றவை. அந்த டிஎன்ஏவில் 3243-ஆம் இடத்தில் 'ஏ' என்ற எழுத்து 'ஜி' ஆக மாறினா, சிலருக்கு சர்க்கரை நோயும் காது கேளாமையும் சேர்ந்து வரும். சிலருக்கு மெலாஸ் என்ற நோய் வரும். அதில் பக்கவாதம் போன்ற தாக்குதல்களும் உண்டு.

ஹியரிங் எய்ட் ஒலியைப் பெருக்கித் தரும். ஆனா அதை வாங்க மயிர்ச்செல் வேணுமே! காக்ளியர் இம்பிளான்ட் அந்த இடத்தையே தாண்டிப் போகுது. வெளியே இருக்கும் ப்ராசஸர் ஒலியை அதிர்வெண் வாரியாகப் பிரித்து, தோல் வழியாக ரேடியோ சிக்னலாக அனுப்பும். உள்ளே இருக்கும் 12 முதல் 22 எலக்ட்ரோடுகள் செவி நரம்பை நேரடியாகத் தூண்டும்.

நரம்பும் மைட்டோகாண்ட்ரியாவை நம்பித்தானே இருக்கு? நியாயமான சந்தேகம். ஆனா பழுது பெரும்பாலும் காக்ளியாவுக்குள்ளேயே நின்னுடுது. அதனாலதான் இதுவரை பதிவான நோயாளிகளில் பெரும்பாலானோருக்கு இம்பிளான்ட்டுக்குப் பிறகு பேச்சு நல்லாப் புரிஞ்சிருக்கு.

ஒரு சிக்கல் மட்டும் உண்டு. இம்பிளான்ட்டுக்குள்ள காந்தம் இருக்கு. மெலாஸ் நோயாளிக்கோ மூளை எம்ஆர்ஐ திரும்பத் திரும்பத் தேவைப்படும். சுழலும் காந்தம் வெச்ச புது மாடல்கள்ல ஸ்கேன் எடுக்க முடியும், ஆனா படத்தில் அந்தப் பக்கம் நிழல் விழும். ஆபரேஷனுக்கு முன்னாடியே இதை டாக்டர்களோடு பேசிடணும்.

இன்னொரு மாற்றம் 1555-ஆம் இடத்தில் வரும். அது உள்ளவங்களுக்கு ஜென்டாமைசின், ஸ்ட்ரெப்டோமைசின் மாதிரியான ஊசிகள் கேட்கும் திறனை நிரந்தரமாப் பறிச்சிடலாம். அம்மா வழிச் சொந்தத்தில் பலருக்குக் காது கேட்காம இருந்தா, ஊசி போடும் முன்னாடியே டாக்டர்கிட்ட சொல்லிடுங்க. இம்பிளான்ட் தேவைப்படாமலே போகலாம்.